ஓனும் ஓடினும்

கதைகளுக்குப் பாஸ்போர்ட் வேண்டியதில்லை. அரபுக் கதைகளில் பூமியைத் தாங்கிக் கிடந்த பஹாமுத் என்ற பெருமீன், அமெரிக்காவின் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்குப் போய் டிராகனாயிற்று. பிறகு ஜப்பானுக்குப் போய், 1987-ல் தொடங்கிய 'ஃபைனல் ஃபாண்டஸி' வீடியோ விளையாட்டில் இடம் பிடித்துக்கொண்டது. மீனுக்குச் சிறகு முளைத்ததற்காக யாரும் வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

இந்த வம்சாவளியைத் தேடிப் படிக்கும்படி என்னைத் தூண்டியவன், குன்னூரில் இருக்கும் என் தமக்கையின் பிள்ளை. மூன்று நாள் மழை. பையன் திரையை விட்டு அசையவில்லை. பொத்தானை அழுத்தினான். ஒரு பெண் தோன்றி எதிரிகள்மேல் பனியைக் கொட்டினாள்.

"யாரடா இவள்?"

"சிவா, மாமா."

"எந்தச் சிவா?"

"நம்ம சிவாதான். ஆனா இதுல பொம்பளை."

கைலாசத்துக் குளிர் மட்டும் ஜப்பான் போய்ச் சேர்ந்திருக்கிறது. சுவாமி வழியிலே இறங்கிவிட்டார் போலும்! எனக்குக் கோபம் வரவில்லை. கம்பரே வான்மீகி சொன்னபடி சொல்லவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்தக் கோபம் அழகும் அல்ல.

பையனுக்கு ஓடினைத் தெரியும். 'காட் ஆஃப் வார்' விளையாட்டு 2018-ல் கிரேக்க தேவர்களை விட்டு வடஐரோப்பிய தேவர்களிடம் குடிபோனதும் தெரியும். "தோடர்களின் ஓனைத் தெரியுமா?" என்றேன்.

"அவர் எந்த கேம்ல வர்றார், மாமா?"

எந்த விளையாட்டிலும் அல்ல, இதே நீலகிரியில்தான். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1901-ல் இங்கே வந்து, தோடர்களைக் கேட்டு எழுதி, 1906-ல் புத்தகமாக்கினார். அதில் உள்ள கதை இது: ஓன் பூமியிலிருந்து எருமைகளை வரவழைத்தான். கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் வெளியே வந்தான். அவன்தான் முதல் தோடன். ஓன் இப்போது இறந்தவர்களின் உலகமான அம்னோரை ஆள்கிறான். அங்கே போக ஓர் ஆற்றை நூல் பாலத்தில் கடக்க வேண்டும். சுயநலக்காரனும் பொறாமைக்காரனும் கீழே விழுவார்கள்; அட்டைகள் கடிக்கும். நீலகிரி மழைக்காலத்தை அறிந்தவர்களுக்கு அந்தத் தண்டனையை விளக்க வேண்டியதில்லை.

"இதை அப்படியே ஒரு லெவலா வைக்கலாம் மாமா!" என்று பையன் குதித்தான்.

வைக்கலாம். பாலமும் அட்டையும் உடனே விளையாட்டில் ஏறிவிடும். ஆனால் கதையின் உயிர் அதற்கு அப்புறம் இருக்கிறது. விழுந்தவனும் சில காலம் கழித்து அம்னோருக்கு வந்தே சேருகிறான். யாருக்கும் அங்கே கதவடைப்பு இல்லை. தோற்றவனை வெளியே தள்ளுவதையே தொழிலாகக் கொண்ட விளையாட்டில் இது நிற்குமா?

சிவனைத் திரித்தால் பாதகமில்லை. திருத்திச் சொல்ல ஊருக்கு ஊர் கோயில் இருக்கிறது, கோடி நாக்கு இருக்கிறது. தோடர்களோ சுமார் இரண்டாயிரம் பேர். ஓனை ஒரு கம்பெனி பிசாசாக்கி உலகெங்கும் விற்றுவிட்டால், உலகத்துக்கு அந்தப் பிசாசுதான் ஓன். மந்தில் இருக்கும் பாட்டி சொல்வது யார் காதில் விழும்?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அலாஸ்காவில் இனூப்பியாட் மக்களின் பழங்கதை ஒன்று 2014-ல் 'நெவர் அலோன்' என்ற விளையாட்டாயிற்று. அந்த நாட்டுப் பழங்குடியினருக்காக உழைக்கும் குக் இன்லெட் மன்றமே முன்னின்று அதைச் செய்வித்தது. கதை அவர்கள் பாஷையிலேயே சொல்லப்படுகிறது. ஒரு சிறுமியும் வெள்ளை நரியும் பனிப்புயலில் போகிறார்கள். நடுநடுவே ஊர்ப் பெரியவர்களே திரையில் தோன்றித் தங்கள் வாழ்க்கையைச் சொல்லுகிறார்கள். விளையாடுகிறவனுக்குச் சுவையும் குறையவில்லை. கதைக்கு உடையவர்களுக்குப் பங்கமும் வரவில்லை.

கதை ஊர் சுற்றட்டும். அதைத் தடுக்க நாம் யார்? ஆனால் பெண் எடுக்க வருகிறவன் பிறந்த வீட்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்கிறான் அல்லவா? ஊட்டிக்கு வருகிற விளையாட்டுக்காரனும் மந்துக்குப் போய் அந்த ஒரு வார்த்தை கேட்கட்டும். 'கொடுப்பதற்கில்லை' என்று அவர்கள் சொன்னால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு மலையிறங்கட்டும்.