முஸ்தபா ஏன் குண்டா இருக்கான்?

“பாப்பா, முஸ்தபா ஏன் இவ்ளோ குண்டா இருக்கான்?”

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நான் செஞ்ச சாதனைக்கு எங்க மாமா கொடுத்த முதல் விமர்சனம் இதுதான்!

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். மாமா, அம்மாவோட தம்பி. 1995-ல் திண்டுக்கல்லில் வீடியோ கேம் கடை போட்டார். நாலு மிஷின், ஒரு ரூபாய்க்கு ஒரு டோக்கன். முதலுக்கு அம்மாவோட ரெண்டு வளையல் அடகுக் கடைக்குப் போச்சு. அப்புறம் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் வந்தது. 2003-ல் கடையை மூடினார். மிஷின் எல்லாம் பழைய இரும்பு விலைக்குப் போச்சு. வளையல் திரும்பி வரவே இல்லை.

நான் பிறக்கறதுக்கு முன்னாடியே கதை முடிஞ்சிருச்சு. ஆனா கல்யாணம், காதுகுத்துன்னு எங்க கூடினாலும் யாராவது ஒரு பெரிசு, “பொம்மை காட்டி காசைக் கரைச்சவன்தானே இவன்!” என்று ஆரம்பிக்கும். மாமா சிரிச்சுக்கிட்டே பந்தியில் தண்ணி வைக்கப் போயிடுவார். எனக்கு இன்ஜினீயரிங் முதல் வருஷ ஃபீஸ் கட்டினது அதே மாமாதான். இப்போ வெச்சிருக்கிற ஜெராக்ஸ் கடை வருமானத்தில்!

அவருக்கு ஒரு சர்ப்ரைஸ் கொடுக்கணும்னு செமஸ்டர் லீவில் முடிவு பண்ணினேன். அவர் கடையோட சூப்பர் ஸ்டார் கேம், 1993-ல் கேப்காம் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. அந்தப் பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது. ‘முஸ்தபா கேம்’ என்று சொல்லிப் பாருங்க... நாற்பது வயசு அண்ணன்கள் எல்லாம் நிமிர்ந்து உட்காருவாங்க! அதில் வர்ற நாலு ஹீரோக்களில் ஒருத்தன்தான் முஸ்தபா.

கம்ப்யூட்டரில் இதை ஓட்ட ‘மேம்’ என்று ஓர் எமுலேட்டர் இருக்கு. 1997-ல் இத்தாலிக்காரரான நிக்கோலா சால்மோரியா ஆரம்பிச்சது. பழைய மிஷினுக்குள்ளே இருந்த சிப்கள் செஞ்ச வேலையை எல்லாம் சாஃப்ட்வேரே செய்யும். சரி, சிப் வேலையை அது பார்த்துக்கும். பிக்சர் ட்யூப் வேலையை யார் பார்ப்பா? சிக்கலே அங்கதான்.

கேம் ஓடினதும் திரையில் ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. ‘இவ்ளோ பெரிய மானிட்டர் எதுக்கு இருக்கு?’ன்னு எரிச்சல். கால்குலேட்டரை எடுத்தேன். கேமோட படம் 384-க்கு 224 புள்ளிகள். வகுத்தா 1.71. என் மானிட்டர் 1920-க்கு 1080, அதாவது 1.78. அட, கிட்டத்தட்ட ஒண்ணுதானே! ‘கீப் ஆஸ்பெக்ட்’ ஆப்ஷனை ஆஃப் பண்ணி, சேவ் பண்ணி, காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். சாயங்காலம் மாமா வந்தார். பார்த்தார். அப்போ கேட்டதுதான் முதல் வரி.

“அப்படித்தான் மாமா இருந்திருக்கும். கணக்கு போட்டுப் பார்த்துட்டேன்.”

“எட்டு வருஷம் அவன் மூஞ்சியிலதான் முழிச்சேன். இவன் அவன் இல்ல பாப்பா.”

ராத்திரி உட்கார்ந்து படிச்சப்பதான் புரிஞ்சது. கணக்கு சரி. ஆனா அந்தக் கணக்கில், புள்ளி சதுரமா இருக்கும்னு நானே வெச்சுக்கிட்டேன். பழைய ட்யூப் 4-க்கு 3 விகிதம். 384 புள்ளியையும் அந்த அகலத்துக்குள் நெருக்கித்தான் காட்டும். ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் ஒல்லியா, உயரமா தெரியும். படம் வரைஞ்சவங்க அதை மனசில் வெச்சுத்தான் வரைஞ்சிருக்காங்க. நான் இழுத்த இழுப்பில் முஸ்தபா மூணில் ஒரு பங்கு பெருத்துட்டான்!

சரி, திருத்திடலாம்னு ‘மேம் டாட் ஐஎன்ஐ’ ஃபைலைத் திறந்தேன். கீப் ஆஸ்பெக்ட், 1. சேவ். ஓட்டினா... அதே குண்டு முஸ்தபா. ரீஸ்டார்ட் பண்ணினேன். குண்டு. சாமி கும்பிட்டேன். குண்டு! ரெண்டு ராத்திரி போனது இதில்தான். கடைசியில் கமாண்ட் லைனில் ‘மைனஸ் வி’ போட்டு ஓட்டினதும், எந்தெந்த ஃபைலைப் படிக்குதுன்னு அதுவே வரிசையாச் சொல்லுச்சு. கடைசியா ‘டைனோ டாட் ஐஎன்ஐ’. அன்னிக்கு நான் சேவ் பண்ணினப்ப அந்த கேமுக்குன்னே தனியா உருவான ஃபைல்! பொது ஃபைலில் என்ன எழுதினாலும், கேமோட சொந்த ஃபைல் சொல்றதுதான் கடைசி வார்த்தை. தப்பு என்னோடதுதான். டெலீட் பண்ணினதும் முஸ்தபா இளைச்சான்.

அடுத்த தலைவலி, படம் ஸ்க்ரோல் ஆகும்போது கோடுகள் நெளிஞ்சது. 224 வரியை 1080-ல் நிரப்பணும்னா 4.82 மடங்கு. சில வரி நாலு வரி தடிமன், சில வரி அஞ்சு. ஃபில்டரை ஆன் பண்ணினா நெளிவு தெரியலை, ஆனா எல்லாம் மசமசன்னு ஆயிடுது. பைலீனியர் இன்டர்போலேஷன்... பரீட்சையில் 13 மார்க் கேள்வியா எழுதிட்டு மறந்துபோனது, முஸ்தபா மூஞ்சியில் வந்து நிக்குது! கடைசியில் சரியா நாலு மடங்கு வெச்சேன். 896 வரி. மேலேயும் கீழேயும் கூட கறுப்புப் பட்டை. இப்போ அது எனக்கு அசிங்கமாத் தெரியலை.

ஞாயித்துக்கிழமை மாமா மறுபடியும் வந்தார். திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவா, “இடது மூலையில பச்சையா அடிக்கணுமே? நம்ம மூணாவது மிஷின்ல ஸ்பீக்கர் ட்யூப்பை ஒட்டி இருக்கும். காந்தத்துல கலர் ஓடிரும்” என்றபடி மானிட்டரோட பக்கவாட்டில் செல்லமா ஒரு தட்டு தட்டினார். அதுக்கு ஆப்ஷன் இருக்கான்னு எல்லா மெனுவிலும் தேடிட்டேன். கிடைக்கலை.

கணக்குப் போட்டவங்களுக்கு அந்தக் கடை ரெண்டு வளையல் நஷ்டம். தினமும் அந்தத் திரையைப் பார்த்தவருக்கு அது என்னவா இருந்ததுன்னு இத்தனை வருஷத்தில் யாருமே கேட்கலை. நானும் கேட்டதில்லை.

காபியோட வந்த அம்மா கதவுகிட்டயே நின்னு பார்த்துட்டு இருந்தாங்க.

“இதுக்குத்தானாடா என் வளையல் போச்சு?”

மாமா கை அப்படியே நின்னுருச்சு. அம்மா டம்ளரைக் கீழே வெச்சுட்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாங்க.

“தள்ளு, நானும் ஒரு தடவை ஆடிப் பார்க்குறேன். காசு எங்க போடணும்?”

கீபோர்டில் 5-ஐத் தட்டினா முதல் ஆளுக்குக் காசு விழும், 6-ஐத் தட்டினா ரெண்டாவது ஆளுக்கு. மாமா 6-ஐத் தட்டிக்கிட்டே சொன்னார்:

“நீ அன்னிக்கே போட்டுட்டக்கா. உனக்குக் காலம் பூரா ஃப்ரீ!”