பின்பாட்டுக்காரர் பெயர் என்ன?

சமுதாய வானொலிக்கு உதவி செய்ய வரும் பிள்ளைகள் முதல் நாளே ஒன்று கேட்பார்கள்: “ஐயா, நான் எப்போ மைக் முன்னாடி உட்காரலாம்?” நியாயமான ஆசைதான். நான் அதற்குத் தடை சொல்வதில்லை. அதற்கு முன்னால் ஒரு வேலை மட்டும் கொடுப்பேன். “உன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இந்த மாதம் யார் பாடுகிறார்கள், யார் வாசிக்கிறார்கள், யார் வேஷம் கட்டுகிறார்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டு வா.” பெரும்பாலானவர்கள் இரண்டு நாள் கழித்து வெறுங்கையோடு வந்து நிற்பார்கள். “எங்க பக்கம் ஒண்ணும் நடக்கலை ஐயா” என்பார்கள்.

ஒன்றும் நடக்காத ஊரா இது? ஆடி பிறந்தால் தாம்பரம், முடிச்சூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மன் கோவிலில் கூழ் வார்க்கிறார்கள். பம்பையும் உடுக்கையும் ராத்திரி வரை ஓய்வதில்லை. கார்த்திகையில் ஐயப்ப பஜனை. மார்கழி விடியலில் தெருச் சுற்றி வருகிற பஜனைக் கோஷ்டி. டிசம்பரில் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் வீடு வீடாகப் போகும் கிறிஸ்துமஸ் கீதக் குழுக்கள். திருநீர்மலையிலும் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோவிலிலும் உற்சவம் என்றால் நாகஸ்வரமும் தவிலும். இவற்றோடு காஞ்சிபுரம், செய்யாறு பக்கமிருந்து வந்து விடிய விடிய ஆடிவிட்டுப் போகிற கூத்துக் குழுக்கள். 2021-ல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனபோது 70 வார்டுகள் வந்தன. இவற்றில் மேளச் சத்தமே கேட்காத வார்டு ஒன்று இருக்கும் என்று நான் நம்பவில்லை.

நடக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. ராயப்பேட்டையில் மியூசிக் அகாடமியில் நடக்கும் கச்சேரிக்குப் பத்திரிகையில் அட்டவணை வரும், மறுநாள் விமரிசனம் வரும். முடிச்சூரில் நடக்கும் கூத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர்தான் கதி. அதிலும் முக்கால் பங்கு பிரமுகர்களின் முகம். கலைஞருக்கு மூலையில் ஒரு வரி. அந்த வரியிலும் பல நேரம் “குழுவினர்” என்றுதான் இருக்கும்.

இந்த “குழுவினர்” என்ற இடத்தில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது, பிள்ளைகளே.

நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரைப் பற்றிச் சொல்கிறேன். பம்மல் இன்று நம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைக் கடைசிவரை தன் பெயருக்கு முன்னால் வைத்திருந்தவர் அவர். 1873-ல் பிறந்தவர், 1891-ல் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபை என்ற நாடகச் சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது, உங்கள் வயது. வக்கீலாகி, நீதிபதியாகி, நாடகங்களையும் விடாமல் எழுதி நடித்தார். நாடகம் என்றாலே முகம் சுளித்த காலத்தில் படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறலாம் என்று ஆக்கியது அந்தச் சபை. அவர் எழுதிய நாடகங்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவருடைய ‘நாடக மேடை நினைவுகள்’ என்ற நூல். எந்த நாடகத்தில் யார் எந்த வேஷம் கட்டினார், யாரிடம் என்ன திறமை இருந்தது என்று கூட நடித்தவர்களைப் பெயர் பெயராக எழுதி வைத்திருக்கிறார். அவரோடு ஸ்திரீ வேஷம் கட்டிய ரங்கவடிவேலு என்ற நடிகரை நமக்கு இன்று தெரிகிறது என்றால், அந்த எழுத்தால்தான். அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய் ஆடிய எத்தனையோ கம்பெனிகளில் எத்தனையோ நல்ல நடிகர்கள் இருந்திருப்பார்கள். பெயரை எழுதி வைக்க ஒருவர் இல்லாததால் அவர்கள் அடையாளமே இல்லாமல் போய்விட்டார்கள்.

ஒருவர் கலையை மதிப்பதற்கு முதல் படி அவர் பெயரைத் தெரிந்துகொள்வது. நான் இத்தனை வயதில் கற்றுக்கொண்டதில் இதைவிடப் பெரியதாக உங்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் கையில் இருக்கும் மைக் எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வானொலி மதராஸுக்கு வந்தபோது அரசாங்கம் கொண்டுவரவில்லை. 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியும் ஆர்வலர்கள் சிலரும் சேர்ந்து மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி ஒலிபரப்பினார்கள். பணமில்லாமல் 1927-ல் அது நின்றது. மதராஸ் மாநகராட்சி அதை எடுத்து 1930 முதல் நடத்தியது. மாலை நேரத்தில் சங்கீதம்; மெரினா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்ததால், வானொலிப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் நின்று கேட்டார்கள். 1938-ல் அகில இந்திய வானொலி வந்ததும் அந்த மாநகராட்சி நிலையம் முடிந்தது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அலைவரிசை முழுக்க அரசாங்கத்திடம். எங்கள் தலைமுறை அதோடு இலங்கை வானொலியையும் கேட்டு வளர்ந்தது. அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனனும், கே. எஸ். ராஜாவும், அப்துல் ஹமீதும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் போல. ஒரு பாட்டைப் போடும்போது படம், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று அத்தனை பேரையும் சொல்வார்கள். கவிஞர்கள் பெயர் எனக்கு மனப்பாடம் ஆனது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்த வானொலிப் பெட்டிக்கு முன்னால்தான்.

1995-ல் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. அதைத் தொடர்ந்து 2002-ல் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி நடத்த அனுமதி வந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொடங்கியது, இந்தியாவிலேயே முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான். 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. இப்போது பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை இருக்கிறது. நம் ரயில் பாதையிலேயே, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். வளாகத்தின் முத்துச்சரம் இருக்கிறது.

பொதுவாக இந்த நிலையங்களுக்கு அனுமதித்த சக்தி 100 வாட். கம்பம் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒலி பத்து, பதினைந்து கிலோமீட்டர் போகும். தாம்பரத்தில் கம்பம் நட்டால் வடக்கே பல்லாவரம், கிழக்கே மேடவாக்கம், தெற்கே வண்டலூர் வரை கேட்கும், அவ்வளவுதான். இதைக் கேட்டுச் சில பிள்ளைகள் முகம் வாடுவார்கள். “யூடியூபில் போட்டால் உலகமே கேட்குமே” என்பார்கள். கேட்கலாம். ஆனால் நாளை மறுநாள் செம்பாக்கத்தில் நடக்கும் கூத்துக்கு உலகம் வரப் போவதில்லை. ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர் வருவார். அவருக்குத்தான் நாம் சொல்ல வேண்டும். 100 வாட் நமக்குப் போதும்.

சமுதாய வானொலியில் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் உள்ளூர்க் கலை நிகழ்ச்சி, திருவிழா பற்றிச் சொல்வது செய்தி ஆகாது என்று விதியே விலக்கும் கொடுத்திருக்கிறது. குடிநீர் வராத நாள், மழை எச்சரிக்கை, பரீட்சை விவரம் இவற்றோடு கூத்தும் கச்சேரியும் ஒரே வரிசையில் இருக்கின்றன. அவை ஊருக்குத் தேவையான தகவல் என்று சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி.

இனி, எப்படிச் சொல்வது? நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விலாசம் சரியில்லாத கடிதம் எவ்வளவு அன்பாக எழுதப்பட்டிருந்தாலும் போய்ச் சேராது. அறிவிப்பும் அப்படித்தான். “தாம்பரத்தில் மாபெரும் கலைவிழா” என்றால் யாரும் வர மாட்டார்கள். எந்தக் கோவில், எந்தத் தெரு, எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், எத்தனை மணி, கட்டணம் உண்டா, திரும்பிப் போகக் கடைசி ரயில் எப்போது, பெண்களும் முதியவர்களும் உட்கார நாற்காலி இருக்குமா? இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் சொல்லலாம். “மாபெரும்”, “பிரம்மாண்டமான” இவற்றை எடுத்துவிட்டால் நேரம் தானாகக் கிடைக்கும்.

அதன் பிறகு பெயர்கள். முதல் வேஷக்காரர் பெயர் எளிதாகக் கிடைக்கும். கூத்து வாத்தியாரிடம் கேட்டால் சொல்வார். ஹார்மோனியம் யார், மிருதங்கம் யார், முகவீணை யார், தாளம் போட்டுக்கொண்டு பின்பாட்டுப் பாடுகிறவர் யார் என்று கேளுங்கள். கட்டியங்காரன் யார் என்று கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஊரைத் தூங்கவிடாமல் வைத்திருப்பவர் அவர். பெயரோடு ஊரையும் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அவர் வாயாலேயே ஒரு தடவை சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

பறை, பம்பை அடிப்பவர்கள் விஷயத்தில் நீங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நாகஸ்வர வித்வான் பெயர் நோட்டீஸில் இருக்கும். பறை அடித்தவர் பெயர் இருக்காது. இது மறதியால் வந்தது என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். சாதியால் வந்தது. சாவுக்கு அடிக்கக் கூப்பிட்டு, கூலியைக் கையில் படாமல் கொடுத்த வழக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். அந்த வழக்கத்தின் மிச்சம்தான் பெயர் போடாத நோட்டீஸ். 2025-ல் பத்மஸ்ரீ பட்டியலில் மதுரைப் பக்கத்துப் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானும், தெருக்கூத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தனும் இடம்பெற்றார்கள். டில்லி பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டது. நம் தெரு இன்னும் கூப்பிடவில்லை. ஒரு பறைக் கலைஞரின் பெயரை, அப்பா பெயரோடு, ஊரோடு, “அவர்கள்” என்று மரியாதையாக வானொலியில் நீங்கள் சொல்லும்போது அவர் வீட்டுப் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதை நினைத்துச் சொல்லுங்கள்.

கூத்தைப் பத்து நிமிடம் செல்போனில் எடுத்துவிட்டு வந்து நிகழ்ச்சி செய்யாதீர்கள். விடிய விடிய உட்காருங்கள். கர்ண மோட்சம் கூத்தில் மனைவி பொன்னுருவி கர்ணனைத் தடுக்கும் இடம் நள்ளிரவுக்கு மேல்தான் வரும். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் எதை ஒலிபரப்ப வேண்டும் என்று தெரியும். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியாக 2002-ல் ஒரு குருகுலம் நடத்தத் தொடங்கினார்கள். பள்ளிப் படிப்போடு, ஆண்கள் மட்டுமே ஆடி வந்த கூத்தையும் பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 2020-ல் அது மூடப்பட்டது. அங்கே கற்றவர்கள் இன்றும் நம் சுற்று வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் ஆட வரும் நாளைக் கண்டுபிடித்துச் சொல்வது நமக்கு முடியாத காரியம் இல்லை.

பதிவு செய்யும்போது சில விஷயம். நாகஸ்வரத்துக்கும் பறைக்கும் மைக்கை நெருக்கமாக வைத்தால் ஒலி உடைந்துவிடும். தள்ளி நின்று, அளவைக் குறைத்து வையுங்கள். பறையைத் தீயில் காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் ஒலி எப்படி மாறுகிறது என்பதையும் பதிவு செய்யுங்கள், கேட்பவர்களுக்கு அது பாடம். பம்மலிலும் திரிசூலத்திலும் விமானம் போகும். போகட்டும் என்று காத்திருந்து மறுபடி கேள்வியைக் கேளுங்கள். பாட்டின் மேல் பேசாதீர்கள். ஒருவர் பாடி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிவது வானொலிக்காரருக்கும், வீட்டுக்கும், அலுவலகத்துக்கும் உதவும்.

அனுமதி கேட்காமல் எதையும் ஒலிபரப்பாதீர்கள். நிலையத்துக்கு அழைத்து வந்தால் பஸ் செலவாவது கொடுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுத்தான் அவர் வந்திருப்பார். பதிவின் நகல் ஒன்று அவர் கைக்குப் போக வேண்டும். நாம் அவர் குரலை வாங்கிக்கொண்டு, அவருக்கு ஒன்றும் தராமல் அனுப்பினால் பேனர்காரர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

2015-ல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து விழா தொடங்கினார்கள். கர்நாடக சங்கீதமும் பறையும் கூத்தும் ஒரு மீனவக் குப்பத்தின் நடுவில் நடந்தன. அந்த இடத்தைத் தேடி வந்தவர்கள் இருந்தார்கள். நம் பக்கத்துக் கலைஞர்களுக்கு அப்படி யாராவது வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

இந்த ஆடியில் உங்கள் தெருமுனைக் கோவிலுக்குக் கூழ் வார்க்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் போங்கள். மேளம் யார், பம்பை யார், கூத்து எந்த ஊர், பின்பாட்டுக்காரர் பெயர் என்ன என்று தர்மகர்த்தாவிடமும், முடிந்தால் அவர்களிடமே நேரிலும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்துச் சமுதாய வானொலி எதுவோ, அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். படிக்க ஆள் இல்லை என்று சொன்னால் நீங்களே மைக் முன்னால் உட்கார்ந்து படியுங்கள்.