சிறுசேரியிலே பெத்லகேம்

தாம்பரத்திலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலையை அடைந்து தெற்கே திரும்பினால், செம்மஞ்சேரியும் நாவலூரும் கடந்த பின் சிறுசேரி வருகின்றது. ஒரு தலைமுறைக்கு முன்னர் வயலும் ஏரியும் பனையுமாய்க் கிடந்த ஊர் இது. இன்றோ சிப்காட் வளாகமும், வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளைப் போல் வகுத்துக் கட்டப்பட்ட மென்பொருள் நிறுவனமும், வானளாவிய குடியிருப்புகளும் கண்ணை மறைக்கின்றன. மாதவரத்திலிருந்து இவ்வூர்வரை வகுக்கப்பட்ட மெட்ரோ வழித்தடத்தின் தூண்கள் சாலை நடுவே நிரை நிரையாய் நிற்கின்றன. கிழக்கே உப்பங்கழிக்கு அப்பால் கோவளத்தில், 1808இல் ஜான் டி மான்டி எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயம் இன்றும் கடற்காற்றை வாங்கிக்கொண்டு நிற்கிறது. அது வேறு காலம், வேறு உலகம்.

சென்ற திருவருகைக் காலத்தின் கடைசி ஞாயிறு மாலை நாம் அங்குச் சென்றது ஆலயம் காண அன்று. அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்கள், பிள்ளைகளுக்கு இயேசு பிறப்பைத் திரைப்படமாகக் காட்டுமாறு நம்மை அழைத்திருந்தன. பங்கு இளைஞர் இருவர் புரொஜெக்டரையும் மடிக்கணினியையும் வெள்ளைத் திரையையும் சுமந்து வந்தனர்.

இவ்வாறு மூட்டை கட்டிக்கொண்டு படம் காட்டப் போவது நம் நாட்டில் புதிய தொழிலன்று. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் பணியாற்றிவந்த கோவை சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் டுபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். அதனோடு வந்த சுருள்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்றார். தென்னாடு முழுதும் சுற்றி, வடக்கே பெஷாவர் வரையிலும், கடல் கடந்து இரங்கூன் வரையிலும் போனார் என்பர். 1914இல் கோவையில் அவர் கட்டிய வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறிற்று. அத்தெரு இன்றும் வெரைட்டி ஹால் சாலைதான். ஆகவே, நம் மக்கள் நகரும் படம் என்ற ஒன்றை முதன்முதலாய்க் கண்டு வியந்த நாட்களிலேயே பெத்லகேம் பாலகனும் அத்திரையில் இருந்தார் என்று சொல்லலாம். பம்பாயிலும் இதே கதைதான். பால்கே கிறிஸ்துவின் வாழ்க்கைப் படத்தைக் கண்ட பின்பே, நம் கண்ணனையும் இப்படிக் காட்டலாகாதா என்று எண்ணினார். அவருடைய ‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913இல் வெளிவந்தது.

நாம் சிறுவராயிருந்தபோது ‘கருணாமயுடு’ என்ற படத்தைக் கோவில் முற்றத்தில், வேட்டியைத் திரையாகக் கட்டிப் பார்த்தோம். ‘பாசமலர்’ தந்த பீம்சிங் தெலுங்கில் இயக்கி, 1978இல் வெளிவந்து, தமிழிலும் பேசவைக்கப்பட்ட படம் அது. இயேசுவாக நடித்த விஜயசந்தரின் முகம் நெடுநாள் நம் செபத்தில் குறுக்கிட்டதுண்டு. திரைப்படத்தின் ஆபத்து அதுவே போலும்.

சிறுசேரியில் காட்ட நாம் எடுத்துச் சென்றது, கேத்தரின் ஹார்ட்விக் இயக்கிய 2006ஆம் ஆண்டின் படம். அவ்வாண்டு நவம்பர் 26 அன்று வத்திக்கானில் ஆறாம் சின்னப்பர் மண்டபத்தில் முதன்முதலாய்த் திரையிடப்பட்டது. வேறெந்தக் கதைப் படத்திற்கும் அதற்குமுன் அங்கு அப்பேறு கிட்டியதில்லை. இத்தாலியின் மத்தேரா என்னும் ஊரில் அதன் பெரும்பகுதி எடுக்கப்பட்டது. 1964இல் பசோலினி மத்தேயு நற்செய்தியைப் படமாக்கியதும் அவ்வூரிலேதான். மலையைக் குடைந்த குகை வீடுகள் நிறைந்த ஊர் அது. ஏழைகள் ஆடு கழுதைகளோடு ஒரே கூரையின்கீழ் அங்கே வாழ்ந்தனர். 1950களில் அரசு அவர்களை வெளியேற்றிப் புது வீடுகளில் குடியமர்த்திற்று. அவர்கள் விட்டுச் சென்ற வெற்றுக் குகைகளிலே பின்னர்ப் படக்குழுவினர் பெத்லகேமைக் கண்டுகொண்டனர். செம்மஞ்சேரி மறுகுடியமர்வுக் குடியிருப்புகளைத் தாண்டி வந்த நமக்கு இச்செய்தி வெறும் தகவலாய்ப் படவில்லை.

அந்த 2006ஆம் ஆண்டுப் படம், ஏரோதின் வீரர்கள் பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்லப் பாய்ந்துவரும் காட்சியோடு தொடங்குகின்றது. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர்கள், “ஃபாதர், அதை மட்டும் தள்ளிவிடலாமே, பிள்ளைகள் பயந்துபோவார்கள்” என்றனர். இசைந்தோம். டிசம்பர் 28இல் மாசில்லாக் குழந்தைகளுக்கெனத் திருச்சபை ஒரு விழாவையே வைத்திருப்பதை அறிந்த நாமே இசைந்தோம்! மற்றப்படி படம் நன்று. நடந்து நடந்து புண்ணான சூசையப்பரின் பாதங்களை, அவர் உறங்கும்போது மரியாள் கழுவும் காட்சியில் மண்டபம் அமைதியாயிற்று.

பெத்லகேமில் சூசையப்பர் கதவு கதவாய்த் தட்டும் இடத்தில் ஒரு சிறுமி, “ஏன் ஃபாதர், யாருமே திறக்கவில்லை?” என்று உரக்கக் கேட்டாள். படம் முடிந்ததும் விளக்கினோம். கதவைச் சாத்தும் சத்திரக்காரன் நற்செய்தியில் எங்குமே இல்லை. நாடகமும் திரையுமே அவனைப் படைத்தன. லூக்கா எழுதிய ‘கத்தலூமா’ என்னும் கிரேக்கச் சொல், இறுதி இராவுணவு நடந்த விருந்தறைக்கும் அவர் வழங்கிய சொல்லே. நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுசேர்த்த சத்திரத்திற்கு அவர் வேறொரு சொல்லை வைத்திருக்கிறார். எனவே உறவினர் வீட்டில் விருந்தறை நிரம்பிவிட, கால்நடை கட்டும் பகுதியில் குழந்தை பிறந்தது என்று கருதும் அறிஞர் பலர். மாடும் கழுதையும் எசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து குடிலுக்குள் வந்தவை. ஞானிகள் மூவர் என்றும் மத்தேயு சொல்லவில்லை. இவ்வாறு சத்திரக்காரனை விடுவித்துவிட்ட மனநிறைவோடு வெளியே வந்தோம்.

வாயிற்கதவின் கம்பிகளுக்கு வெளியே பதினைந்து இருபது பேர் நின்றிருந்தனர். எதிர்ப்புறம் எழும்பிவரும் கட்டடத்தின் தொழிலாளர்கள். இடுப்பிலே குழந்தையோடு பெண்களும் இருந்தனர். மண்டபத்துக் கண்ணாடி வழியே திரையின் ஒரு மூலை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. காவலாளி தமக்கிட்ட கட்டளைப்படி அவர்களை உள்ளே விடவில்லை; அவரைக் குறை கூறுவதற்கில்லை. உள்ளே நுழையும்போதே அவர்களைக் கண்டிருந்தும், ஒரு சொல் சொல்லாமற் போன நம்மை என்னென்பது?

அவர்களுள் ஓர் இளைஞர் கழுத்திற் செபமாலையோடு முன்வந்து, “ஜெய் யேசு, ஃபாதர்” என்றார். ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டம். தாய்மொழி சாத்ரி, நம்மோடு இந்தியிலும், நான்காண்டுகளாய்ப் பொறுக்கிச் சேர்த்த தமிழிலும் பேசினார். தம்மோடு இருப்போரில் கத்தோலிக்கர் ஐந்து குடும்பங்கள் என்றும், ஞாயிறன்றும் வேலையிருந்தால் திருப்பலிக்கு வர இயலாது என்றும் சொன்னார். நம் இளைஞர்களுக்கு மறுநாள் அலுவலகம். எனினும் முணுமுணுப்பின்றி மூட்டையை மறுபடி தூக்கினர்.

நீலத் தகரத்தால் அடைத்த கொட்டகைகள்; சாரக் குழாய்கள் இரண்டிற்கிடையே திரையைக் கட்டினோம். எந்த மொழியில் காட்டுவது? மடிக்கணினியில் 1912ஆம் ஆண்டின் மௌனப்படம் ஒன்று இருந்தது. சிட்னி ஆல்காட் என்பவர் எகிப்திலும் பாலஸ்தீனத்திலுமே சென்று எடுத்தது. கதையை எழுதிய ஜீன் காண்டியர் என்ற பெண்மணியே மரியாளாகவும் நடித்தார். மௌனப்படக் காலத்தில் திரையருகே ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்வது தமிழகத்து வழக்கம். அவ்விரவு அப்பணியை அந்த ஒடிசா இளைஞர் ஏற்றார்.

திருக்குடும்பம் எகிப்துக்கு ஓடிப்போய், பிரமிடுகளுக்கருகே ஸ்பிங்க்ஸ் சிலையின் அடியில் களைத்து இளைப்பாறுகின்றது. ஏன் ஓடினார்கள் என்று ஒரு தாய் கேட்டிருக்க வேண்டும். இளைஞர் ஏரோதின் கதையைச் சாத்ரியில் சொன்னார். நாம் மண்டபத்தில் தள்ளிவிட்டதை எதையும் தள்ளாமல் சொன்னார். அத்தாய் குழந்தையை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டாள். பின்னர், நாசரேத்துத் தச்சுக்கூடத்தில் சிறுவன் இயேசு ஒரு பலகையைத் தோளில் சுமந்து வருகையில், அதன் நிழல் சிலுவையாய் விழும் காட்சி வந்தது. நாள்தோறும் சென்ட்ரிங் பலகை சுமப்போர் அந்த நிழலைக் கவனித்தார்களோ இல்லையோ, சிறுவன் பலகையைப் பிடித்த விதம் சரியில்லை என்று ஒருவர் குறை சொன்னதை இளைஞர் நமக்கு மொழிபெயர்த்தார்!

அத்துடன் படத்தை நிறுத்தினோம். முதியவர் ஒருவர் எழுந்து, “அவர்கள் எப்போது ஊர் திரும்பினார்கள்?” என்று கேட்டார். ஏரோது இறந்த பின் திரும்பினர். ஆனால் அவன் மகன் யூதேயாவை ஆண்டதால் சூசையப்பர் அஞ்சி, நாசரேத்துக்குப் போய்விட்டார் என்றோம். முதியவர் விடவில்லை. “நாசரேத்து அவருக்குச் சொந்த ஊரா, வேலைக்குப் போன ஊரா?”

குருமடத்தில் இக்கேள்வியைப் பக்கம் பக்கமாய்ப் படித்திருக்கிறோம். மத்தேயு சொல்வது ஒன்று, லூக்கா சொல்வது ஒன்று. சற்றுத் தயங்கி, “இரண்டுந்தான்” என்றோம். அதை இளைஞர் தம் மொழியில் சொன்னபோது பலர் சிரித்தனர். முதியவர் மட்டும் சிரிக்காமல் தலையசைத்தார். மறுநாள் விடியற்காலையிலேயே தளத்திற்குக் கான்கிரீட் போடும் வேலை இருந்தது. ஒவ்வொருவராய் எழுந்து, வணங்கி, கொட்டகைக்குள் சென்றனர்.