திருப்ப மறந்த குமிழ்



இறையியல் கல்லூரிக்குச் செல்லுமுன் நான் சில ஆண்டுகள் இயற்பியல் ஆய்வு மாணவனாக இருந்தேன் என்பதை உங்களில் சிலர் அறிவீர்கள். அந்நாட்களைக் குறித்து நான் பிரசங்க பீடத்தில் அதிகம் பேசியதில்லை. சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வாலிபர் ஒருவர் தனியே வந்து, தாம் பணிபுரியும் இடத்தில் தம்மால் நேர்ந்த ஒரு தவறை மூன்று வாரங்களாக மறைத்துவைத்திருப்பதாகச் சொன்னார். அவருக்கு ஆலோசனை சொல்ல வாயெடுத்தபோது என் நினைவில் முதலில் வந்தது வேதவசனமன்று. ஓர் உருக்குக் கலத்தின் மூடி. அவருக்குச் சொன்னதையே, அவருடைய சம்மதத்தோடு, இவ்வாரம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

1990களின் நடுப்பகுதி. வட இந்தியாவில் ஒரு துகள் முடுக்கி ஆய்வகம். முடுக்கியிலிருந்து வரும் அயனிக் கற்றை ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டமான கலத்துக்குள் நுழைந்து, நடுவே நிறுத்தியிருக்கும் மெல்லிய உலோகத் தகட்டில் மோதும். சிதறிவரும் துகள்களைச் சுற்றிலும் வெவ்வேறு கோணங்களில் பொருத்தப்பட்ட டிடெக்டர்கள் எண்ணும். காற்று இருந்தால் இது நடவாது. அமெரிசியம்-241 வெளிவிடும் ஆல்ஃபா துகள் காற்றில் ஏறத்தாழ 4 செண்டிமீட்டர்தான் செல்லும். அதற்குள் தன் ஆற்றல் முழுவதையும் இழந்துவிடும். ஆகவே கலத்திலுள்ள காற்றைப் பம்புகளால் இறைத்து, வெளிக்காற்றின் அழுத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்கு என்னும் அளவுக்குக் கொண்டுவருவோம். அந்நிலையில் மூடியின்மேல் வெளிக்காற்று அழுத்தும் விசை 8 டன் எடைக்குச் சமம். எத்தனை பேர் கூடி இழுத்தாலும் அது அசையாது. உள்ளே மெல்ல நைட்ரஜனை விட்டு அழுத்தம் சமமானபின், சங்கிலிக் கப்பியால் சாதாரணமாகத் தூக்கிவிடலாம்.

நாங்கள் பயன்படுத்திய டிடெக்டர் நாணயமளவே உள்ள ஒரு சிலிக்கான் வில்லை. அதன் முகத்தில் தங்கம் பூசப்பட்டிருக்கும். அப்பூச்சின் தடிமன் தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. விரல் பட்டால் போயிற்று. அது வேலைசெய்ய அதன் குறுக்கே சில நூறு வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கவேண்டும். கலத்தைத் திறக்குமுன் அந்த மின்னழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கவேண்டும் என்பது ஆய்வகத்தில் காலெடுத்து வைத்த முதல் நாளிலேயே சொல்லித்தரப்படும் பாடம். காரணம் விசித்திரமானது. நல்ல வெற்றிடத்தில் மின்பொறி எளிதில் எழாது. காற்று நிறைந்திருக்கும்போதும் எழாது. இரண்டுக்கும் நடுவே, வாயு சிறிது சிறிதாக நுழைந்துகொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் ஆபத்து.

அன்று என் நண்பருடைய சோதனை. தமது ஆய்வேட்டுக்காக அவர் பல மாதங்கள் காத்திருந்து பெற்ற கற்றை நேரம் 72 மணி. முதல் நாள் மாலை, தகட்டை மாற்றுவதற்காகக் கலத்தைத் திறக்கும் பொறுப்பு என்னுடையது. வரிசையாக இருந்த மின்னழுத்தக் கருவிகளின் குமிழ்களை ஒவ்வொன்றாகப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். கடைசிக் கருவி அடுத்த அலமாரியில் தனியே இருந்தது. அதை மறந்தேன். வாயுவை உள்ளே விட்டேன், மூடியைத் தூக்கினேன், அறை விளக்குகளின் ஒளி நேரே அதன்மேல் விழுந்தது. தகட்டை மாற்றி, மூடி, பம்புகளை ஓட்டிவிட்டுத் திரும்பியபோதுதான் அந்தச் சிறிய சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருப்பதைக் கண்டேன்.

என்ன செய்தேன் தெரியுமா? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குமிழை மெல்லப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.

வெற்றிடம் சரியானபின் மீண்டும் மின்னழுத்தம் ஏற்றினோம். அந்த ஒரு டிடெக்டரில் மட்டும் கசிவு மின்னோட்டம் பலமடங்கு கூடியிருந்தது. கூர்மையாக எழவேண்டிய ஆல்ஃபா சிகரம் மேடாகப் பரந்து கிடந்தது. "கதிர்வீச்சு பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கலாம்" என்றார் ஒருவர். துகள்கள் தொடர்ந்து தாக்குவதால் இவ்வகை டிடெக்டர்கள் நாளடைவில் பழுதாவது உண்மைதான். நான் தலையசைத்தேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் என் வழிகாட்டி அவ்வளவு எளிதில் திருப்தியடைகிறவர் அல்லர். பம்பின் எண்ணெய் ஆவி படிந்ததோ, எங்கேனும் காற்றுக் கசிகிறதோ என்று சந்தேகித்தார். காரணம் அறியாமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் கெடும் என்றார். நியாயந்தானே! ஆகவே நள்ளிரவில் கசிவு தேடும் படலம் தொடங்கிற்று. ஒவ்வோர் இணைப்பின்மேலும் ஹீலியத்தை மெல்லப் பீய்ச்சுவது, உள்ளே ஹீலியம் நுழைகிறதா என்று கருவியைப் பார்ப்பது, பிறகு அடுத்த இணைப்பு. இல்லாத ஓட்டையை நான்கு பேர் தேடினார்கள். அது இல்லையென்று அறிந்த ஐந்தாமவன் நான். டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 32-ஆம் சங்கீதத்தில் மௌனத்தைக் குறித்துத் தாவீது சொல்வதைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். அது எலும்புவரை உணரப்படுகிற காரியம் என்று அன்றிரவுதான் தெரிந்தது.

இரண்டு மணியளவில், எல்லோராலும் உஸ்தாத் என்று அழைக்கப்பட்ட முதிய தொழில்நுட்பர் தரையில் மல்லாந்து படுத்து, கலத்தின் அடிப்பக்க இணைப்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. எழுந்திருக்க என் கையைப் பிடித்தார். அந்தக் கை பட்டவுடன் வாய் தானாகத் திறந்துகொண்டது. "உஸ்தாத், கசிவு இல்லை. மின்னழுத்தத்தை இறக்காமல் நான் திறந்துவிட்டேன்."

அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "எப்போது தெரியும்?" என்றார். "மாலையிலேயே" என்றேன். "திறந்தது தவறு, பேட்டா. அது எனக்கும் நேர்ந்திருக்கிறது. ஆனால் இந்த ஐந்து மணிநேரம் இருக்கிறதே..." என்று சொல்லி, வாக்கியத்தை முடிக்காமல் ஹீலியம் சிலிண்டரை மூடப் போனார்.

இத்தகைய இடறல் கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நேர்வதன்று. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில், எல்ஹெச்சிபி சோதனையின் வீலோ என்னும் டிடெக்டர் கற்றைக்கு 5.1 மில்லிமீட்டர் அருகில் வெற்றிடத்துக்குள் நிற்கிறது. 2023 ஜனவரியில் அங்கே வெற்றிடக் கட்டுப்பாட்டில் நேர்ந்த கோளாற்றினால் இருபுற அழுத்தமும் வேறுபட்டு, முடுக்கியின் வெற்றிடத்திலிருந்து அதைப் பிரிக்கும் மெல்லிய அலுமினியத் தகடு உருக்குலைந்தது. டிடெக்டர் தப்பியது. ஆயினும் அந்த ஆண்டு அதை முழுவதும் மூடாமலே ஓட்டவேண்டியதாயிற்று. ஆண்டிறுதி ஓய்வுக்காலத்தில்தான் தகட்டை மாற்ற முடிந்தது. நடந்ததை அவர்கள் உலகறிய வெளியிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் நெடுநேரம் அந்தப் பக்கத்தைவிட்டு அகலவில்லை.

எங்கள் இரவுக்குத் திரும்புகிறேன். மாற்று டிடெக்டர் வேறொரு குழுவினருடையது. அதிகாலை மூன்று மணிக்கு என் வழிகாட்டி அவர்களைத் தொலைபேசியில் எழுப்பி இரவல் கேட்டார். காரணம் கேட்டபோது என் பெயரைச் சொல்லாமல் "எங்கள் தவறு" என்றார். நான் அருகில்தான் நின்றேன்.

பொருத்தும் வேலையை உஸ்தாத் என்னிடமே விட்டார். கற்றைக் குழாயின் வால்வை மூடுதல், எல்லாக் குமிழ்களையும் இறக்குதல், அடுத்த அலமாரியில் இருப்பதையும் கையால் தொட்டுப் பார்த்து உரக்கச் சொல்லுதல். பிறகு நைட்ரஜன். அதை வேகமாக விட்டால் நடுவிலிருக்கும் தகடு கிழிந்துவிடும். மூடியைத் தூக்கியபின் கையுறையோடு பழையதைக் கழற்றினேன். அதன் முகத்தில் பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை; பளபளப்பாகவே இருந்தது. புதியதைப் பொருத்தி, கம்பியை இணைத்து, மூடியின் ரப்பர் வளையத்தைச் சாராயம் தோய்த்த துணியால் துடைத்தேன். அதில் ஒரு மயிரிழை ஒட்டியிருந்தாலும் காற்று நுழைய வழி கிடைத்துவிடும். மறுபடி பம்பு, மறுபடி காத்திருப்பு. கலத்தின் சுவர்களில் ஒட்டிய ஈரம் அவசரப்படுத்தினால் போகாது. காலை எட்டரைக்கு மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினோம். ஆல்ஃபா சிகரம் ஊசிபோல் எழுந்து நின்றது.

நண்பருக்கு 14 மணிநேரம் நஷ்டம். ஒரு கோணத்தில் எடுக்கவேண்டிய அளவீட்டை விட்டுவிட நேர்ந்தது; அதற்காக அவர் மறுபடியும் பல மாதங்கள் காத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டபோது "சரி" என்றார். பிறகு பல நாட்கள் என்னோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னவுடன் எல்லாம் சீராகிவிடும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போலும். அது என்னை மிகவும் வருத்தியது. பின்னொரு நாள் வேறொரு சோதனையில் நான் நைட்ரஜன் வால்வின்மேல் கைவைத்தபோது, எங்கிருந்தோ அவர் குரல் கேட்டது: "அடுத்த அலமாரி?" அதுதான் அவர் மீண்டும் பேசிய முதல் சொல். "இறக்கிவிட்டேன்" என்றேன். அருகே வந்து, தாமும் ஒருமுறை பார்த்துவிட்டே போனார்.

இதைக் கேட்ட வாலிபர், "அவர் மன்னித்தாரா ஐயா?" என்றார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றேன். புதன்கிழமை காலை தம் மேலாளரைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறார். அவர் யாரென்று விசாரிக்கவேண்டாம். அந்தக் காலைக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.