சாவிக்கும் சாவிக்கும் நடுவுல ரெண்டு நாள்

ஓசூர்லேர்ந்து கிருஷ்ணகிரிக்கு ஹைவேயில் பஸ் ஏறினா ஒரு மணி நேரம், சூளகிரி தாண்டறப்ப கண் அசந்தா இன்னும் சீக்கிரம். அந்த தூரத்துக்கு நாங்க ரெண்டு நாள் எடுத்துக்கிட்டோம். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

எங்களுக்குன்னு இப்ப வீடு கிடையாது. சிப்காட்ல நான் இருபத்தி ரெண்டு வருஷம் வேலை பார்த்த கம்பெனியை மூடினாங்க. அடுத்த வருஷமே வீட்டம்மாவுக்கு ஆபரேஷன், வீடு கைமாறிப் போச்சு. அப்பத்தான் தெரிஞ்சவர் ஒருத்தர், மகளுக்குப் பிரசவம்னு அமெரிக்கா கிளம்பினவர், "ஆறு மாசம் வீட்டைப் பார்த்துக்கறீங்களா சார்? வாடகை வேண்டாம், செடிக்குத் தண்ணி ஊத்தினா போதும்"னார். அப்படி ஆரம்பிச்சது. இது நாலாவது வீடு. (அமெரிக்காவில் பேரன் பேத்தி பிறக்கப் பிறக்க எங்களுக்கு இங்க கூரை!)

ஓசூர் வீட்டுச் சாவியை வியாழக்கிழமை காலையில் கொடுத்தாச்சு. கிருஷ்ணகிரி வீட்டுக்காரங்க கிளம்பறது சனிக்கிழமை. நடுவுல ரெண்டு நாள் தொங்கல். பெட்டிகளை மச்சான் வண்டியில் முன்னாடியே அனுப்பிட்டேன். மிச்சம் நாங்க ரெண்டு பேரும், டிவிஎஸ் எக்ஸ்எல்லும், முன்னாடி கால் வைக்கிற இடத்தில் ஒரு பெயிண்ட் டப்பாவும். டப்பாவுக்குள்ள கறிவேப்பிலைச் செடி. எங்க பழைய வீட்டுக் கொல்லையில் மரத்தடியில் முளைச்சிருந்த கன்னு. அதை மட்டும் மச்சான் வண்டியில் ஏத்த விடமாட்டேன்னுட்டா.

ஹைவே வேண்டாம், லாரிக்காரன் காத்துலயே நம்மளைத் தள்ளிடுவான். கெலமங்கலம் வழியா இராயக்கோட்டை போய் அங்கேர்ந்து இறங்கலாம்னு முடிவு. ஊரை விட்டு வெளியே வர்றதுக்குள்ளயே லேஅவுட் கல்லு நட்ட நிலங்கள். அப்புறம் ரோஜாத் தோட்டம், பசுமைக்குடில், பச்சை வலைக்குள்ள குடைமிளகாய். முப்பதுக்கு மேல முறுக்கினா செடி ஆடுதுன்னு பின்னாலேர்ந்து தோளைத் தட்டுவா.

கெலமங்கலத்துல டீ குடிச்சோம். இந்தப் பக்கம் ஒரே பெஞ்சில் மூணு பாஷை உட்கார்ந்திருக்கும். டீ ஆத்தறவர் தெலுங்கு, காசு வாங்கறவர் கன்னடம், போர்டு தமிழ். பக்கத்தில் இருந்த பாட்டி செடியைப் பார்த்துட்டு, "ஏ ஊரும்மா மீதி?"ன்னு கேட்டாங்க. எந்த ஊருன்னு கேட்டா என்ன சொல்றது? நான் டம்ளரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். இவ கொஞ்சம் யோசிச்சு, "இப்பதிக்கி ஈ ஊரே"ன்னா. இப்போதைக்கு இந்த ஊருதான்! பாட்டி சிரிச்சாங்க. இவளும் சிரிச்சா, ஆனா வண்டியில் ஏறினப்புறம் அஞ்சாறு கிலோமீட்டருக்குப் பேச்சே இல்லை.

இராயக்கோட்டையில் கூட வேலை பார்த்தவர் வீட்டில் ரெண்டு ராத்திரி. களியும் கீரைக் கடைசலும். எனக்குக் களியை மெல்லாம முழுங்கத் தெரியாது, இத்தனை வருஷமா இந்தப் பக்கம் இருந்தும்!

வெள்ளிக்கிழமை காலையில் அவரோட தக்காளி மண்டிக்குப் போனேன். கூடை கூடையா வந்து இறங்கிட்டே இருக்கு. "விலை வந்தா காய் இருக்காது, காய் வந்தா விலை இருக்காது"ன்னார். அவரும் கம்பெனி மூடினப்புறம் அப்பாவோட நிலத்துக்குத் திரும்பினவர்தான். திரும்பறதுக்கு ஒரு நிலம் இருந்தது அவருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாயங்காலம் கோட்டை ஏறினோம். தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிற மலைக்கோட்டை. 1791-ல் திப்பு சுல்தான் படையிடமிருந்து கும்பினிக்காரங்க பிடிச்சது. அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் பாரமகால் அவங்க கைக்குப் போச்சு. ஓசூர் பக்கமோ 1799 வரைக்கும் மைசூரோடதான் இருந்தது. அந்த வருஷம் மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸ் படை இந்தப் பக்கமிருந்துதான் மைசூர் எல்லைக்குள்ள நுழைஞ்சது. அதாவது இன்னிக்கு ஜூஜுவாடி தாண்டினா வர்ற எல்லை, அன்னிக்கு இங்கதான் எங்கேயோ ஓடியிருக்கு. நான் இதையெல்லாம் சொல்லிக்கிட்டே ஏற, பாதியில் ஒரு பாறையில் உட்கார்ந்துட்டா.

"என்னங்க, எல்லையே இடம் மாறுது. நாம மாறினா என்ன?"ன்னா. மூச்சு வாங்கிக்கிட்டுதான். கீழே பெங்களூர் பக்கம் போற ரயில் சின்னதா ஊர்ந்து போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா செடி தாங்காது. டப்பா அடியில வேர் வெளிய வந்திருச்சு, பார்த்தீங்களா?"

பார்க்கலை. ரெண்டு நாளா காலுக்கு நடுவுல வெச்சு ஓட்டிட்டு வந்தவன் நான்.

சனிக்கிழமை இறக்கம். கீழே போகப் போகக் காத்து சூடாச்சு, ஸ்வெட்டரைக் கழட்டி வண்டிப் பையில் திணிச்சோம். மாந்தோப்புகள் வர ஆரம்பிச்சா கிருஷ்ணகிரி வந்தாச்சுன்னு அர்த்தம். சீசன் நேரம், கூழ் ஃபேக்டரிக்குப் போற பெங்களூரா லோடு வழியெல்லாம். ஒரு தோப்பு வாசலில் செந்தூரா ரெண்டு கிலோ வாங்கினோம், வீட்டுக்காரங்களுக்கு வெறுங்கையோட போகக் கூடாதுல்ல.

வீட்டம்மா அங்க போனதும் நேரா கொல்லைக்குத்தான் போனா. அந்த வீட்டு அம்மா மோட்டார் ஸ்விட்ச், கேஸ் புக், துளசி மாடம்னு எனக்கு விளக்கிட்டிருக்கும்போதே இவ வந்து, "அக்கா, கொல்லையில ஒரு ஓரமா இந்தக் கறிவேப்பிலையை நட்டுக்கட்டுமா? போறப்ப எடுத்துட்டுப் போக மாட்டேன்"னு கேட்டா.

அந்த அம்மா, "அதுக்கென்ன கண்ணு"ன்னுட்டு உள்ளேர்ந்து கடப்பாரை எடுத்துட்டு வந்தாங்க. நான்தான் குழி தோண்டினேன். ஒரு அடிக்குக் கீழே வெறும் சுக்கான் கல்லு. கை ரெண்டும் கொப்புளம், அதனாலதான் இந்தப் பதிவு இவ்வளவு லேட்.