கண்ணிற் படாத அடிகள்

விளையாட்டைப் பார்ப்போரின் கண்கள் பந்தையே தொடர்வது இயல்பு. அமெரிக்க உதைபந்தாட்டப் போட்டியொன்றை முதன்முறையாகத் தொலைக்காட்சியிற் பார்த்தபோது யானும் பந்தோடு ஓடியவனையே தொடர்ந்தேன். அவன் வீழ்த்தப்பட்டபோது ஆரவாரித்தேன். முன்வரிசையில் ஒருவரையொருவர் முட்டித் தள்ளிய பருத்த மனிதர், மதிலில் அடுக்கிய கற்களாகவே எனக்குத் தோன்றினர். அக்கற்களுள் ஒன்றின் வரலாற்றைப் பின்னர் படித்தபோது என் ஆரவாரத்தை எண்ணி நாணினேன்.

பிற்ஸ்பேர்க் ஸ்ரீலர்ஸ் அணியின் முன்வரிசை நடுவில் நின்றவர் மைக் வெப்ஸ்ரர். 17 பருவங்கள் ஆடியவர். நான்கு முறை சுப்பர் போல் வெற்றியிற் பங்குகொண்டவர். ஓய்வுபெற்றபின் நினைவு தடுமாறி, சில காலம் வாகனத்திலேயே உறங்கி வாழ்ந்து, 2002 இல் 50 ஆவது வயதில் மறைந்தார். அவரது மூளையை ஆராய்ந்த மருத்துவர் பெனற் ஒமாலு, குத்துச்சண்டை வீரரிடம் முன்னர் அறியப்பட்டிருந்த மூளைச் சிதைவு நோயை அதிற் கண்டு 2005 இல் வெளியிட்டார்.

வெப்ஸ்ரரை வீழ்த்தியது ஒரு பேரடியன்று. முன்வரிசை வீரன் ஒரு கையை நிலத்தில் ஊன்றிக் குனிந்து நிற்கிறான். பந்து நகர்ந்ததும் பாய்கிறான். அவனது தலையே முதலில் எதிராளியைச் சந்திக்கிறது. போட்டியொன்றில் ஏறக்குறைய 60 முறை இது நிகழலாம். அவன் மயங்கி விழுவதில்லை, ஆட்டமும் நிற்பதில்லை. ஆயினும் 631 வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து 2023 இல் வெளியான ஆய்வொன்று, மூளையதிர்ச்சிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் ஆண்டாண்டாகத் திரண்ட தாக்கங்களின் வலுவே இந்நோயோடு நெருங்கிய தொடர்புடையது எனக் காட்டிற்று.

தலையைத் தாழ்த்தி மோதுவதைத் தொழின்முறைக் கழகம் 2018 இல் குற்றமாக்கியது. ஆனால் கண்ணைப் பறிக்கும் பெருமோதலைத் தண்டித்தல் எளிது. ஒவ்வோர் ஆட்டத் தொடக்கத்திலும் நிகழும் சிறுமோதலை எந்த நடுவர் தண்டிப்பார்? மாற்றவேண்டியது மோதலுக்கு முந்திய நிற்கும் நிலையையே என்பது என் துணிபு. இரு அணி முன்வரிசையினரும் கையூன்றாது நிமிர்ந்து நின்று தொடங்கின், தலைக்கு முன் கைகள் எதிராளியைச் சந்திக்க வழியுண்டு. சிறுவர்க்கான பொப் வோர்னர் அமைப்பு தன் இளைய பிரிவுகளில் 2019 இல் கையூன்றும் நிலையை நீக்கியது.

இது விளையாட்டின் உயிரையே போக்கிவிடும் என்பர். தாழ்ந்து பாய்பவனுக்கே வலிமை மிகுதி என்பதும் உண்மையே. எனினும் விதி இரு பக்கத்தாரையும் சமமாகக் கட்டுப்படுத்துமாயின், ஒருவர்க்கு இழப்பும் மற்றவர்க்கு ஆதாயமும் எங்ஙனம் உண்டாகும்? 1905 இல் ஆடுகள மரணங்கள் பெருகவே, ஜனாதிபதி தியடோர் றூஸ்வெல்ற் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். மறுவருடம் பந்தை முன்னோக்கி எறிதல் அனுமதிக்கப்பட்டது. இரு முன்வரிசைகளுக்குமிடையே பந்தின் நீளமளவு இடைவெளியும் விதிக்கப்பட்டது. இன்று அவ்விரண்டும் இல்லாத அவ்விளையாட்டை எவரும் கற்பனை செய்யார். நாமறிந்த றக்பியிலும், முன்வரிசையினர் எதிராளியைப் பற்றிக்கொண்ட பின்னரே ஸ்க்ரமில் இணையவேண்டுமென 2013 இல் விதி மாற்றப்பட்டது. றக்பி அழியவில்லை.

வீரர் தாமே விரும்பி ஆடுகின்றனர். ஊதியமும் பெறுகின்றனர் என்ற வாதமும் உண்டு. ஆனால் இருபது வயதில் விரும்பியவன் ஐம்பது வயதில் தன் பெயரையும் மறப்பதற்குச் சம்மதித்தவனாவானோ? அவ்வயதினனாகிய எனக்கு இவ்வினா வெறும் தர்க்கமன்று.

இப்போதும் அவ்விளையாட்டை இடையிடையே பார்க்கிறேன். பந்து நகரும் கணத்தில் என் கண்கள் முன்வரிசையிலேயே நிற்கின்றன. அங்கே நிகழ்வது எவர்க்கும் மறைவானதன்று. நாம்தான் வேறிடம் பார்த்துக்கொண்டிருந்தோம்.