எத்தனை வருஷம் தாங்கும்?

பெரியப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய், வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் என்று முடிவானதும் சொந்தபந்தமெல்லாம் கேட்டது ஒரே கேள்விதான். "இதுல எத்தனை வருஷம்ப்பா தாங்கும்?" நான் பி.காம் படித்த வங்கிக்காரன். மஸ்கட்டில் இரண்டு வார விடுமுறை நாட்களை இதற்கே செலவழித்துப் படித்தேன். உங்கள் வீட்டிலும் யாருக்காவது உதவலாம், அதனால் இந்தப் பதிவு.

வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்று. இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, நாலைந்து மணி நேரம் கழித்து வடித்துவிட்டு அடுத்த பை. தினம் 3 அல்லது 4 முறை. மெஷினும் கரண்டும் வேண்டாம். வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்துக்கு இது பெரிய விஷயம். ரத்த டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று தடவை மலை இறங்கி ஏற வேண்டும். 2020-ல் கொரோனாவுக்காக குமுளி செக்போஸ்ட் மூடியதும், அதே ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்ததும் ஞாபகம் இருக்கிறதல்லவா? கொழிஞ்சாம்பாறை அத்தை வீட்டுக்குக் கோயமுத்தூர் கூப்பிடு தூரம், அவர்கள் கணக்கு வேறு.

இனி அந்தக் கேள்வி. முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு இரண்டு முறையிலும் உயிர் பிழைப்பது ஏறக்குறைய ஒன்றுதான். சில ஆய்வுகளில் வயிற்று முறையே கொஞ்சம் மேல். சர்க்கரை உள்ள வயதானவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஆள் தாங்குவது ஒரு லெட்ஜர், முறை தாங்குவது இன்னொரு லெட்ஜர். சில வருடத்தில் பலரும் ரத்த டயாலிசிஸுக்கு மாறுகிறார்கள். அது அக்கவுண்ட் குளோஸ் இல்லை, டிரான்ஸ்ஃபர்.

என்னை அசத்தியது இதுதான். கனடா-அமெரிக்க ஆய்வு ஒன்றை 2001-ல் மறுபடி அலசியபோது, தினம் 250 மில்லி சிறுநீர் கூடுதலாகப் போனவர்களுக்கு இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைவாக இருந்தது. மிச்சமிருக்கும் கிட்னிதான் டெபாசிட்! மூட்டுவலிக்கு டாக்டரைக் கேட்காமல் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கித் தின்று அதைக் கரைக்காதீர்கள்.

பெரிய எதிரி தொற்று. வடியும் நீர் கலங்கலாக வந்தால் பையோடு உடனே ஆஸ்பத்திரி. வருடத்துக்கு ஆளுக்கு 0.4 தொற்றுக்கு மேல் கூடாது என்பது 2022-ல் சர்வதேச சங்கம் வைத்த அளவு, அதாவது இரண்டரை வருடத்துக்கு ஒன்று. பெரியம்மா படித்தது மூன்றாம் வகுப்பு. கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவுகிறார். பேரனுக்கும் உள்ளே அனுமதியில்லை. 14 மாதமாகத் தொற்றே இல்லை.

திரவத்தோடு தினம் 5 முதல் 10 கிராம் புரதமும் வெளியே போய்விடும். முட்டை வாசமே ஆகாத பெரியப்பா இப்போது தினம் இரண்டு வெள்ளைக்கரு சாப்பிடுகிறார், மூக்கைப் பிடித்துக்கொண்டு.